சுவாதி சாகலை

ஜூன் 11, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரன் ஜனவரியில குடுத்த டைரி இது. ஆறு மாசமா சும்மா கெடந்துச்சு. இன்னிக்கு எழுதியே ஆகணும்னு எடுத்துட்டேன்.

ஸ்கேன் சென்டர்ல ஒரு கிட்னி ரிப்போர்ட்டை டைப் அடிச்சுக்கிட்டு இருந்தேன். போன் வந்துச்சு. "மீனலோசனியா? 'சுவாதி சாகலை' எழுதுறது நீங்கதானே?"ன்னு ஒரு பொம்பளைக் குரல். டிவி சேனல்காரங்க கதையைத் திருடிட்டேன்னு கேஸ் போடப் போறாங்கன்னு நினைச்சு, "ராங் நம்பர்"னு வச்சுட்டேன். மறுபடி அடிச்சாங்க. மறுபடி வச்சேன். அப்புறம் வாட்ஸ்அப்ல வந்துச்சு: "அம்மா, நான் ரெபேக்கா. சென்னையில ஒரு பதிப்பகத்துல எடிட்டர். உங்க கதையைப் புத்தகமாப் போடலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். தயவுசெஞ்சு போனை எடுங்க."

புத்தகமாம்! என் கதை! கிட்னி பேஷன்ட்டுக்கு வயசு நாப்பத்தஞ்சுக்குப் பதிலா ஐநூத்தி நாப்பத்தஞ்சுன்னு அடிச்சு வச்சிருக்கேன், டாக்டர் பார்த்துட்டுக் கத்துனாரு.

'பன்னீர்ப்பந்தல்'னு ஒரு சீரியல் வந்துச்சு, ஏழரை மணிக்கு. அதுல கதாநாயகியோட தங்கச்சி சுவாதி. கட்டிக்குடுத்த இடத்துல இருக்க முடியாம அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவ. என்னமா நடிச்சா அந்தப் பொண்ணு! பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன்னு புத்தகத்தைத் தூக்குனா, அன்னிக்கே ஒரு லாரியை விட்டு ஏத்திட்டாங்க. நடிச்ச பொண்ணு வேற சேனலுக்குப் போயிருச்சாம். அதுக்காக? சீரியல்ல லாரிக்கு மட்டும் டீசலே தீராது. திரும்பி வந்த பொண்ணுன்னா சாவடிச்சிரணுமா? அந்த ஆத்திரத்துல, கதை எழுதிப் போடுற ஒரு சைட்டுல போயி, "சுவாதி கண் விழித்தாள்"னு முதல் வரி எழுதினேன். இப்படி அடுத்தவங்க கதையில வர்ற ஆளுகளை எடுத்து ரசிகைங்க இஷ்டத்துக்கு எழுதுறதுக்கு ஃபேன் ஃபிக்ஷன்னு பேருன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. புது அத்தியாயம் போட்டா அது யூடி. ரெண்டு வருஷமா வாரம் ஒரு யூடி போடுறேன். போடலைன்னா வாசகிங்க பிச்சு எடுத்துருவாங்க.

வீட்டுல யாருக்கும் தெரியாது. வீடுன்னா அண்ணன், மதினி, நான். அண்ணன் மகன் கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்கான். எனக்கு வேலைக்குப் பக்கம்னுதான் அண்ணன் வீட்டுல இருக்கேன்.

ராத்திரிக்குக் கோதுமை உப்புமா. எனக்கு உப்புமான்னா ஆகாதுன்னு மதினிக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செய்வாங்க. எனக்கு ரெண்டு தோசை ஊத்தி மூடி வச்சிருந்தாங்க, மாவு மீந்து போச்சுன்னு சொன்னாங்க.

ஜூன் 14, வெள்ளி

ரெபேக்கா மேடம் தொண்ணூறு அத்தியாயத்தையும் படிச்சு முடிச்சுட்டுக் கூப்பிட்டாங்க. நான் மாடிப்படியில உக்காந்து, துப்பட்டாவால போனை மூடிக்கிட்டுப் பேசினேன்.

"நல்லா எழுதுறீங்க லோசனி. ஆனா ஒண்ணு மட்டும் புரியலை. சுவாதி யாரு?"

எனக்கு வந்துச்சே கோவம்! "சுவாதி யாரா? மேடம், ஊரே அழுதுச்சு அவளுக்கு."

"நான் சீரியல் பார்க்கிறதில்லம்மா. புத்தகம் வாங்குறவங்கள்ல பாதிப் பேரு பார்த்திருக்க மாட்டாங்க. முதப் பக்கத்துல ஒருத்தி ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்கிறா. சுத்தி ஏழு பேரு நிக்கிறாங்க. ஒருத்தரையும் நீங்க அறிமுகம் பண்ணலை. பெரியத்தை உள்ள வந்ததும் எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. ஏன்? அந்தம்மா என்ன கலெக்டரா?"

போனை வச்சதுக்கப்புறம் நானே முத அத்தியாயத்தை எடுத்துப் படிச்சேன். அடக் கடவுளே, உண்மைதான். யாரையுமே நான் அறிமுகம் பண்ணலை. நான் மட்டுமில்லை, எங்க சைட்டுல யாருமே பண்றதில்லை. படிக்க வர்றவங்க எல்லாத்தையும் டிவியில பார்த்துட்டுத்தானே வர்றாங்க! சீரியல்காரன் கட்டுன வீட்டு மேல நான் பாட்டுக்கு மாடி எடுத்திருக்கேன். இப்ப இந்தம்மா கீழ்வீட்டை இடிச்சுட்டு மாடியை நிறுத்திக் காட்டுன்னு சொல்றாங்க.

அவங்க சொன்னது இதுதான். பேரு, ஊரு, வீடு, லாரி எல்லாம் மாத்தணும், அதெல்லாம் சேனலோட சொத்து. ஆரம்பத்துல புதுசா மூணு அத்தியாயம் வேணும், அவ யாரு, எங்கேருந்து வந்தான்னு. ஆடி முடியறதுக்குள்ள. பதிப்பக முதலாளி அழகேசன் சாருக்கு அரை மனசுதானாம். அந்த மூணு அத்தியாயம் சொந்தமா நிக்கலைன்னா புத்தகம் கிடையாது.

"முன்னெல்லாம் இந்த மாதிரிக் கதையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவோம்மா"ன்னு மேடம் சொன்னாங்க. "போன புத்தகக் கண்காட்சியில ஆன்லைன்ல எழுதுற பொண்ணுங்க ஸ்டால்ல கியூ நின்னுச்சு. எதிர்த்தாப்புல எங்க ஸ்டால்ல ஈ ஓட்டிக்கிட்டு இருந்தோம். அன்னிலேருந்து எங்க சார் யாரு எதைக் கொண்டாந்தாலும் முதல்ல கேக்குறது, சைட்டுல எத்தனை பேரு படிச்சாங்கன்னுதான்."

கேக்கவே ஜம்முன்னு இருந்துச்சு. எங்க கியூவைச் சென்னையே எண்ணுது!

ஜூன் 16, ஞாயிறு

சைட்டுல விஷயத்தைச் சொன்னேன். நானூறு கமெண்ட். பாதிப் பேரு கொண்டாடுறாங்க, மீதிப் பேரு "சிஸ், சுவாதி பேரை மாத்தாதீங்க, செத்துருவோம்"னு அழுவுறாங்க. புதுப் பேரு அவங்களையே வைக்கச் சொன்னேன். ஒரே அடிதடி. கடைசியில நாச்சின்னு முடிவாச்சு.

இன்னிக்கு ஒரு வரி எழுதலை. தண்ணி லாரி வரலை, துணி ஊறிக்கிட்டே கெடக்கு.

ஜூன் 23, ஞாயிறு

அண்ணன் கேட்டுருச்சு.

அண்ணனுக்கு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்புட்டுத் தூங்கும். இன்னிக்குத் தூங்காம நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிர்ல உக்காந்துச்சு. "லோசனி, யாருகிட்ட இம்புட்டு நேரம் டைப் அடிக்கிற? தப்பா நினைச்சுக் கேக்கலை. ஏமாந்துறக் கூடாதுல்ல."

மதினிதான் போட்டுக் குடுத்திருக்கணும். அவங்க அடுப்படியில பாத்திரத்தை டங்கு டங்குன்னு வச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. நாப்பத்தொரு வயசுல எவன்கிட்ட நான் ஏமாறப் போறேன்? போனைத் தூக்கி அது மடியில போட்டேன். "படிச்சுக்க. இதான் நான் டைப் அடிச்சது."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கிட்டு விரலால தள்ளிக்கிட்டே இருந்துச்சு. தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்கு. ரொம்ப நேரம் கழிச்சு, "ஏய், இம்புட்டையுமா நீ எழுதுன?"ன்னு கேட்டுச்சு. "கீழ என்ன இது, ஆளாளுக்கு அழுதுருக்காளுக?"

"எல்லாம் என் வாசகிங்க"ன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தலை தானா நிமிந்துருச்சு.

சாயங்காலம் அண்ணன் சைட்டுல சேர்றது எப்படின்னு கேட்டுச்சு. சேர்த்து விட்டேன். போட்டோவுக்கு ஒரு மிக்ஸி ஜாரை வச்சிருக்கு. மதினி எட்டிப் பார்த்துட்டு, "எனக்கும் அந்த ஆப்பைப் போட்டுக் குடு, சமையல் குறிப்பு இருக்குமா அதுல?"ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். இருந்தாலும் போடச் சொன்னாங்க. போட்டுக் குடுத்தேன், நம்மளை வேவு பாக்கத்தான்.

ஜூலை 2, செவ்வாய்

முத அத்தியாயம் அனுப்பினேன். கல்யாண மண்டபம், நாதஸ்வரம், நகை பத்தலைன்னு முறுக்கிக்கிட்டு நிக்கிற மாமியா, கண்ணீரோட நாச்சி. நல்லாத்தான் இருந்துச்சு.

ரெபேக்கா மேடம் அரை மணி நேரத்துல கூப்பிட்டாங்க. "லோசனி, இது டிவியில வர்ற மாதிரியே இருக்கு."

"டிவியில வந்ததைத்தானே மேடம் எழுதுறேன்!"

"அதைத்தான் வேணாங்கிறேன். இந்த மாமியாரை நான் ஆயிரம் தடவை பார்த்துட்டேன். சீரியல் பார்க்காத நானே பார்த்துட்டேன். நாச்சியை உங்களுக்குத்தான் தெரியும். தொண்ணூறு அத்தியாயம் அவ கூடவே இருந்திருக்கீங்க. அவ திரும்பி வந்த அன்னிக்கு என்ன நடந்துச்சு? அதைச் சொல்லுங்க, போதும்."

என்ன நடந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சீரியல்ல அதைக் காட்டவே இல்லையே. விளம்பரம் முடிஞ்சு வந்தா சுவாதி வீட்டுக்குள்ள உக்காந்து காபி குடிச்சுக்கிட்டு இருந்தா.

ரூம்ல உக்காந்து எழுதலாம்னா, இது ஒரு ரூமு! அண்ணன் மதினி கல்யாண பீரோ இங்கதான் இருக்கு. காலையில அஞ்சரைக்கே துணி எடுக்கணும்னு மதினி கதவைத் தட்டுவாங்க. தட்டிட்டு அவங்க பாட்டுக்கு ஹால் பாயைச் சுருட்டி வைக்கப் போயிருவாங்க. நமக்குத் தூக்கம் போச்சு.

ஜூலை 5, வெள்ளி

எழுதலை. பக்கத்து வீட்டு ராஜாத்தியக்கா வந்து, "லோசனி எங்க, ஆளே காணோம்?"னு கேட்டுச்சு. மதினி வாசல்லயே மறிச்சு, "அவளுக்கு ஆபீஸ் வேலை இருக்கு, அப்புறம் வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. ஒரு மனுஷர் கூடப் பேச விடமாட்டாங்க இந்த வீட்டுல.

ஜூலை 9, செவ்வாய்

எழுதிட்டேன்!

மத்தியானம் சென்டர்ல கரண்டு போயிருச்சு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை, போன்லயே அடிச்சேன். நிறுத்தவே முடியலை. பட்டப்பகல், ரெண்டு மணி. தெருவே பார்க்குது. நாச்சி ஒரு பையோட அப்பா வீட்டு வாசல்ல நிக்கிறா. உள்ள டிவியில நியூஸ் ஓடுற சத்தம் கேக்குது. கூப்பிடுறா, "அப்பா." நியூஸ் சத்தம் கூடுது. கதவு திறக்கலை. வெயில்ல செருப்பு சுடுது, ஆனா செருப்பைக் கழட்டி வாசல்ல விட்டா உள்ள போகப் போறோம்னு அர்த்தம், அதுக்கும் தைரியம் வரலை. எதிர் வீட்டம்மா வெத்தலைப் பாக்கைக் கூடத் துப்பாம பார்த்துக்கிட்டு நிக்குது. பையைக் கீழ வைக்காமலே நிக்கிறா. அம்புட்டுதான் அத்தியாயம். அவ நிக்கிறதோட முடியுது.

முழுக்க முழுக்கக் கற்பனை. நாங்க எழுதுறவங்களுக்கு இதெல்லாம் தானா வரும்.

மேடம் படிச்சுட்டு உடனே கூப்பிட்டாங்க. "இதுதான் லோசனி"ன்னு சொன்னாங்க. "யாரும்மா இது?"

"கற்பனைதான் மேடம்."

"சரி"ன்னு சொன்னாங்க. அந்தச் சரியே ஒரு மாதிரி இருந்துச்சு.

எங்க வழக்கப்படி வாசகிங்களுக்கும் சைட்டுல போட்டேன். "கதவைத் திற கிழவா"ன்னு ஒருத்தி கமெண்ட் போட்டிருக்கா. எங்க அப்பா செத்து மூணு வருஷமாச்சு. எதுக்கு இதை இங்க எழுதுறேன்னு தெரியலை.

ஜூலை 13, சனி

அண்ணன் நாலு நாளா என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. என்ன கேட்டாலும் "ம்". மிக்ஸி எதையாவது கெடுத்துட்டேனான்னு பார்த்தேன். ஓடுது.

ஜூலை 14, ஞாயிறு

காலையில அண்ணன் கடைக்கே போயிட்டேன். ஸ்டூல்ல உக்காந்து ஒரு கிரைண்டரைக் கழட்டிக்கிட்டு இருந்துச்சு. "என்னண்ணே, என்ன கோவம்?"னு கேட்டேன்.

ஸ்குரூ டிரைவரைக் கீழ வச்சுட்டுச் சொல்லுச்சு: "கதவைத் திறந்தது நான்தானே? அதை ஏன் எழுதலை?"

"அது... அது கதைண்ணே. சீரியல்ல சுவாதிக்கு அண்ணன் கிடையாது."

"சீரியலை விடு. அன்னிக்கு நான் வந்து திறந்தேன்ல? பையை வாங்குனேன்ல? அதைப் படிச்சவளுக எல்லாம் அந்த வீட்டுல மனுஷனே இல்லன்னு எழுதிருக்காளுக. நான் இருந்தேனே."

அம்பத்தி நாலு வயசு ஆளு, கண்ணு கலங்கி உக்காந்திருக்கு. கிரைண்டர்காரன் வேற வந்து நின்னு எங்களை மாறி மாறிப் பார்க்கிறான். "நாளைக்கு வாங்க"ன்னு அவனை நானே விரட்டிட்டேன்.

அங்கேயே உக்காந்து ரெண்டாவது அத்தியாயத்தை ஆரம்பிச்சேன். நாச்சிக்கு ஒரு அண்ணன். வந்து கதவைத் திறக்கிறான். அப்பாவைத் திரும்பிப் பார்க்காம பையை வாங்குறான். ஏன் வந்த, என்ன ஆச்சுன்னு கேக்கலை. "உள்ள வா, வெயில்"ன்னு மட்டும் சொல்றான்.

சீரியல்ல இல்லாத முத ஆளு. என் கதையில எனக்கே எனக்குன்னு பொறந்த முத ஆளு.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மூணு அத்தியாயமும் போயிருச்சு. ரெபேக்கா மேடம், "இந்த அண்ணன் வந்ததும்தான் வீடு நிக்குது. இனிமே இது எந்தச் சீரியலுக்கும் சொந்தமில்லை"ன்னு சொன்னாங்க. பின்னாடி வர்ற எல்லா அத்தியாயத்துலயும் அண்ணனை நுழைச்சுத் திருத்திக்கிட்டு இருக்கேன். பெரியத்தை போயே போயிட்டா. லாரிக்கும் வேலை இல்லை.

அண்ணன் இருந்தா அண்ணன் பொண்டாட்டியும் இருக்கணுமேன்னு மேடம் கேட்டாங்க. ரெண்டு வரி போட்டேன்: "அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அண்ணன் மனைவி வெளியே வரவில்லை." சத்தத்துலயே ஒரு ஆளு குணத்தைக் காட்டிட்டேன் பாருங்க! மேடமும் நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க.

ஆடிப்பெருக்குக்கு மதினி எலுமிச்சை, தேங்காய், தயிர்னு மூணு சோறு கிண்டி, எனக்குச் சென்டருக்கும் டப்பா கட்டிக் குடுத்தாங்க. டப்பா மூடி சரியா மூடலை. பையெல்லாம் எண்ணெய்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அழகேசன் சாரே கூப்பிட்டாரு. புத்தகம் உறுதி. டிசம்பர்ல எங்க ஊரு மதுரையிலயே வெளியீடு. நான் பறந்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாரு.

"ஒரே ஒரு வேண்டுகோள்மா. இது ஃபேன் ஃபிக்ஷனா ஆரம்பிச்சதுன்னு எங்கயும் சொல்ல வேணாம். சொன்னா விமர்சகருங்க தொட மாட்டாங்க. நாவல்னு மட்டும் இருக்கட்டும்."

"சரிங்க சார். அப்ப முன்பதிவுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"அதுக்கென்ன, உங்க சைட்டுல ஒரு அறிவிப்புப் போட்டா உங்க வாசகிங்க..."

விட்டேனா! "சார், வாங்குறதுக்கு என் வாசகிங்க வேணும், அவங்க எதைப் படிச்சு என் வாசகி ஆனாங்கன்னு மட்டும் வெளிய தெரியக் கூடாதா? நாச்சின்னு பேரு வச்சது அவங்க. கதவைத் திறன்னு சண்டை போட்டது அவங்க. கல்யாணத்துக்கு மொய் எழுத வான்னு கூப்பிட்டுட்டு, சாப்பாட்டுப் பந்தியில உக்காராதேன்னு சொல்ற மாதிரி இருக்கு." மூச்சு விடாம சொல்லிட்டேன். புத்தகமே போச்சுன்னு நினைச்சேன்.

போன்ல அவருக்குப் பின்னாடி ரெபேக்கா மேடம் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. "சார், அவங்க சொல்றது நியாயந்தானே"ன்னு அவங்க குரல்.

முதப் பக்கத்துலயே போடுறதுன்னு முடிவாச்சு: இது ஒரு ரசிகையின் கதையாக ஆன்லைனில் தொடங்கியது, வாரா வாரம் படித்துச் சண்டை போட்டவர்களுக்கு நன்றி.

அண்ணன்கிட்ட சொன்னேன். மதினிகிட்ட அண்ணன் சொல்லியிருக்கும்.

நவம்பர் 11, திங்கள்

அட்டை வந்துருச்சு. மூடின கதவு, வாசல்ல ஒரு ஜோடிக் கால். மேல 'நாச்சி வந்தாள்', கீழ பெரிய எழுத்துல மீனலோசனி. பூரா நாளும் அதையே திறந்து திறந்து பார்த்தேன். ஒரு ஹெர்னியா கேஸ்காரர் கவுண்டர்ல தட்டித் தட்டி என் பேரைக் கூப்பிட்டாரு, காதுல விழவே இல்லை.

முன்பதிவு எக்கச்சக்கமாம். முதல்ல நினைச்சதை விட ரெண்டு மடங்கு அச்சடிக்கிறாங்க. அழகேசன் சார் இப்ப என்கிட்டயே, "உங்க சைட்டுல இன்னும் யாரு நல்லா எழுதுறாங்க?"ன்னு கேக்குறாரு. மூணு பேரு பேரைச் சொன்னேன். தூத்துக்குடி ஜெமிமா, வேலூர் சப்ரினா, கனடாவுல இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. பிரிக்காமலே திருப்பி அனுப்புனவங்க இப்ப தேடிக்கிட்டு வர்றாங்க. வரட்டும். நல்லா வரட்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு

வெளியீடு. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல ஹோட்டல் மாடி ஹால். நாற்காலி பத்தாம பொண்ணுங்க சுவரோரமா நின்னாங்க. வத்தலக்குண்டு, சாத்தூர், காரைக்குடி... எல்லாம் கமெண்ட்ல மட்டும் தெரிஞ்சவங்க. ஒவ்வொருத்தியும் வந்து, "நான்தான் சிஸ் அந்த ரோஜா போட்டோ", "நான்தான் பூனைக்குட்டி"ன்னு கட்டிப் பிடிக்கிறாங்க. 'கதவைத் திற கிழவா'ன்னு எழுதினவ ஒரு ஸ்கூல் டீச்சராம். அம்புட்டு அமைதி!

சிறப்பு விருந்தினர் பேராசிரியர் தணிகாசலம், ரிட்டயர்டு. நல்லாத்தான் ஆரம்பிச்சாரு. நடுவுல, "தொலைக்காட்சித் தொடர் சாப்பிட்டுவிட்டு எறிந்த இலையில் இருந்து ஒரு பெண் இலக்கியம் சமைக்க முயன்றிருக்கிறார்"னு ஒரு போடு போட்டாரு. பெரிய மனுஷங்க சிரிச்சாங்க. என் பொண்ணுங்க சிரிக்கலை.

ஏற்புரைக்கு மைக் கையில வந்துச்சு. எழுதி வச்ச நன்றியுரையை மடிச்சு வச்சுட்டேன்.

"ஐயா சொன்னது சரி. இலையை எடுத்தது நான்தான். அதுல ஒரு பொண்ணை உசிரோட எறிஞ்சிருந்தாங்க. உங்களை மாதிரிப் படிச்சவங்க யாரும் குனிஞ்சு பார்க்கலை. நாங்க பார்த்தோம். அவளுக்கு ஒரு வீடு கட்டினோம், ஒரு அண்ணனைக் குடுத்தோம், பேரு வச்சோம். நான் ஃபேன் ஃபிக்ஷன் எழுதுறவ. அப்படித்தான் எழுதக் கத்துக்கிட்டேன். அதைச் சொல்ல எனக்குப் பெருமையா இருக்கு."

கைதட்டல் நிக்கவே இல்லை. பூனைக்குட்டி விசில் அடிச்சுட்டா. ஐயா எந்திரிச்சு வந்து, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எனக்கு ஒரு கையெழுத்து"ன்னு புத்தகத்தை நீட்டினாரு. பெருந்தன்மைதான். போட்டுக் குடுத்தேன்.

அண்ணன் முத வரிசையில வெள்ளைச் சட்டை. பக்கத்துல வந்த எல்லார்கிட்டயும் "அண்ணன் நான்தான்"னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. மதினி தீபாவளிப் பட்டுல, முகத்துல ஈயாடாம உக்காந்திருந்தாங்க. ஆட்டோவுல வரும்போது, "கூட்டம் நல்ல கூட்டம்"னு மட்டும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்ததும், "எனக்கு ஒரு புக்கு குடு"ன்னு வாங்கி நியூஸ் பேப்பர்ல அட்டை போட்டுக்கிட்டாங்க. பாராட்டி ஒரு வார்த்தை இல்லை. எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு.

ஜனவரி 5, ஞாயிறு

பூனைக்குட்டி காலையிலேயே லிங்க் அனுப்பிட்டா. "சிஸ், உங்க புக்குக்கே யாரோ ஃபேன் ஃபிக்ஷன் போட்டிருக்காங்க!"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எவ அவ? என் நாச்சியைத் தொடுறதுக்கு யாரு இவளுக்கு உரிமை குடுத்தது? ரெண்டு வருஷம் நான் ரத்தம் சுண்ட எழுதினதை... அப்படின்னு மனசுக்குள்ள கத்திக்கிட்டே திறந்தேன். பாதியில எனக்கே சிரிப்பு வந்துருச்சு. சேனல்காரன் என்னைப் பத்தி இதைத்தானே நினைச்சிருப்பான்.

தலைப்பு, 'நாச்சியின் மதினி'. எழுதியவர் பேரு 'அடுப்படி'. ஒரே ஒரு அத்தியாயம். எழுத்துப் பிழை ஏகத்துக்கு. அப்படியே இங்க எழுதி வைக்கிறேன், பிழையை மட்டும் திருத்தி:

"வாசலில் நாச்சி நிற்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பாவிடம் பயம். போங்க, திறங்க என்று கண்ணைக் காட்டினேன். எந்திரிக்கவில்லை. அதனால் பித்தளைக் குண்டாவைத் தூக்கித் தரையில் போட்டேன். அவர் திடுக்கிட்டு அடுப்படிக்கு ஓடி வந்தார். நீங்க திறக்கலைன்னா நான் திறப்பேன், மாமாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் என்று சொன்னேன். அப்புறம்தான் போனார். அன்றைக்குச் சுண்டைக்காய்க் குழம்பு. நாச்சிக்குச் சுண்டைக்காய் ஆகாது. அதனால் நான் வெளியே வரவில்லை. முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன்."

நான் அந்த முட்டையைச் சாப்பிட்டேன். ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி, அழுதுக்கிட்டே, உப்புக் கொஞ்சம் தூக்கலா இருந்த அந்த முட்டையை நான்தான் சாப்பிட்டேன். அதை எந்த அத்தியாயத்துலயும் நான் எழுதலை. அண்ணனுக்கும் ஞாபகம் இருக்காது.

மேல படிக்க முடியலை, கண்ணு மறைச்சுருச்சு. அப்புறம் துடைச்சுட்டுப் படிச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே ரூமை எனக்கு விட்டுட்டு அவங்க படுக்கையை ஹாலுக்கு மாத்துனது இருக்கு. அப்பா மூணு மாசம் அவங்க கையால காபி வாங்கிக் குடிக்காதது இருக்கு. அதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. சத்தத்துலயே ஆளைக் காட்டிட்டேன்னு பெருமை அடிச்சேனே, எனக்கு வெக்கமா இருந்துச்சு. வெக்கத்தோட ஒரு பெருமையும் வந்துச்சு, சொல்ல முடியாத பெருமை.

கமெண்ட் போட்டேன். 'மீனலோசனி'ங்கிற என் பேர்லயே. "சூப்பர் யூடி சிஸ். நாச்சியை விட இந்த மதினிதான் கதாநாயகி. இதை நான் எழுதியிருக்கணும்."

அடுப்படியில போன் டிங்குன்னு அடிச்சுச்சு.

எந்திரிச்சுப் போனேன். மதினி மாவுக் கையைத் துடைச்சுட்டு, போனைத் தூரமாப் பிடிச்சு, எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னைத் திரும்பிப் பார்க்கலை.

"ரெண்டே வரி குடுத்திருக்க எனக்கு"ன்னு சொன்னாங்க. "இருபத்தாறு அத்தியாயம் இருக்கு என்கிட்ட."

கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். "சட்டி தீயுது, விடுடி"ன்னு திட்டுனாங்க, ஆனா விலகலை.

ரெபேக்கா மேடத்துக்கு லிங்க் அனுப்பினேன். சாப்புட்டு வர்றதுக்குள்ள போன். "யாரு லோசனி இது? பிழைதான் நிறைய, ஆனா ஆளு நிக்கிறாங்களே! உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

எங்க மதினின்னு சொன்னேன்.